நாலு வோல்ட் பொய்

அத்தியாயம் 9

இரும்புக் கதவு சாத்திக்கொண்ட சத்தம் கேட்டபோது இளவேனிலின் கையிலிருந்த டீ இன்னும் ஆறவில்லை.

"காத்துல சாத்தியிருக்கும்," என்றான் நஸ்ருல்லா.

"காத்தா? திருச்சியில, மே மாசத்துல?"

"சும்மா ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன் மேடம்."

அவன் போய்க் கைப்பிடியை இழுத்தான். அசையவில்லை. தோளால் இடித்தான். தோள்தான் அசைந்தது.

அவர்கள் நின்றிருந்தது ஒரு கப்பல் கண்டெய்னருக்குள். துவாக்குடியில் இருக்கும் 'வைகறை பவர்' கம்பெனி, ஆட்டோக்களுக்குச் செய்யும் பேட்டரிகளில் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்ப்பதற்காகக் கொல்லைப்புறம் கொண்டுவந்து வைத்திருந்த எஃகுப் பெட்டி. ஜன்னல் கிடையாது. நடுவில் கம்பிவலைக் கூண்டு. கூண்டுக்குப் பூட்டு. அதற்குள் அரிசி மூட்டை அளவில் ஒரு பேட்டரி. மூலையில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர். வெயில் தகரத்தை மேலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு மேடம் பேட்டரிக்குத் தனிக்குடித்தனம்?"

"வெடிச்சா வெளிய இருக்கறவங்களுக்கு அடிபடக் கூடாதுன்னு."

"உள்ள இருக்கறவங்களுக்கு?"

"உள்ள யாரும் இருக்கக் கூடாதுங்கறதுதான் ரூலு."

நஸ்ருல்லா செல்போனை எடுத்துப் பார்த்தான். எஃகுக்குள் சிக்னல் நுழையவில்லை. "எங்க அத்தா அப்பவே சொன்னாரு, பாலக்கரையில பிரியாணிக் கடை வைடா, பொம்பள டிடெக்டிவ்கிட்ட வேலைக்குப் போகாதடான்னு. நான் கேக்கல. இப்ப நானே தம் ஆகறேன்."

இளவேனில் சிரிக்கவில்லை. அவள் மனசு காந்தி மார்க்கெட் பக்கத்து மகளிர் காவல் நிலையத்தில் இருந்தது. அங்கே ஒரு மர பெஞ்சில், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுபஸ்ரீ உட்கார்ந்திருந்தாள்.

ஸ்ரீரங்கத்து வடக்கு உத்தர வீதிப் பெண். இந்தக் கம்பெனியில் பேட்டரி மாடல் எழுதும் இன்ஜினீயர். போன மாதம் அம்மா மண்டபம் சாலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஆட்டோ ஒன்று தீப்பிடித்தது. அணைக்கப் போன டிரைவர் பிச்சமுத்துவுக்கு இரண்டு கையும் வெந்து, புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கம்பெனியின் குவாலிட்டி பிரிவு தோண்டிப் பார்த்தது. தீப்பிடிப்பதற்குச் சில நாள் முன்னால் பாதுகாப்பு மாடலில் யாரோ கை வைத்திருந்தார்கள். கை வைத்தது சுபஸ்ரீயின் பாஸ்வேர்டு. ஆகவே சுபஸ்ரீ. கதை முடிந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் லூர்துராணி காலையில் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்: "சாயங்காலம் நானே ஃபேக்டரிக்கு வரேன். கம்ப்ளெய்ன்ட்ல கம்பெனி கையெழுத்து விழுந்ததும் பொண்ணை மாஜிஸ்ட்ரேட்கிட்ட கொண்டுபோவேன். அதுக்குள்ள உன்கிட்ட வேற கதை இருந்தா கொண்டு வா. இல்லேன்னா எனக்கு இதுதான் கதை."

அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மூன்றே பேர். சுபஸ்ரீ ஒருத்தி. கம்பெனி முதலாளி ஹரிஹரசுதன், ஜெர்மனியில் பேட்டரியிலேயே டாக்டர் பட்டம் வாங்கியவர், இரண்டு. குவாலிட்டி பிரிவுத் தலைவர் சரவணன் மூன்று.

முதலாளியைப் பார்த்த மாத்திரத்தில் இவன்தான் என்று இளவேனில் முடிவு கட்டியிருந்தாள். காரணம் கேட்டால், அந்த ஆள் சிரிக்கும்போது ஒரு பல்கூட வளைந்திருக்கவில்லை. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவரின் மகளுக்கு அந்த மாதிரிப் பல் வரிசையைக் கண்டால் ஆகாது.

சரவணன் வேறு ரகம். துறையூர்க்காரர். கேட்டிலேயே வந்து அழைத்துப் போனார். "தங்கச்சி மண்ணச்சநல்லூரா? நானும் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம்தான். முதல் பட்டதாரி சர்டிபிகேட்டுக்கு நீங்க எத்தனை தடவை தாலுகா ஆபீஸ் அலைஞ்சீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் இளவேனில் இளகிவிட்டாள். மாடல் ஓடும் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்றதும் இங்கே கூட்டிவந்து, டீ வரவழைத்துக் கொடுத்து, "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன் தங்கச்சி," என்று வெளியே போனார்.

போனார். கதவு சாத்திக்கொண்டது.

கூண்டுக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பியது.

"மேடம், பேட்டரிக்கு நம்மள பிடிக்கல போல."

திரை உயிர் பெற்றிருந்தது. 'வேக சார்ஜ். ஆபீசிலிருந்து தொடக்கம்.' நிறுத்தும் பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. ஆபீசில் ஆரம்பித்ததை ஆபீசில்தான் நிறுத்த முடியும்.

"முதலாளி," என்றாள் இளவேனில் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஏசி ரூம்ல உக்காந்துட்டு ஒரு பட்டனைத் தட்டியிருக்கான்."

சுவரில் அவசரத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. நஸ்ருல்லா அதை ஓங்கிக் குத்தினான். பொத்தான் கையோடு வந்துவிட்டது. பின்னால் ஒயரே இல்லை.

"குவாலிட்டி," என்று அதை அவளிடம் நீட்டினான். பிறகு கம்ப்யூட்டரின் பிளக்கைப் பார்த்துக் குனிந்தான்.

"தொடாத. கம்ப்யூட்டர் செத்தா காவலும் செத்துரும். சார்ஜர் கடைசியா கேட்ட உத்தரவையே பிடிச்சுக்கிட்டு ஓடும்."

கதவின் உள்பக்கம் சிவப்பு பெயின்டில் எழுதியிருந்ததை அவள் படித்தாள். 'சார்ஜ் ஏறும்போது கதவு திறக்காது. அபாய மணி அடித்தால் சார்ஜ் நின்று கதவு தானே திறக்கும்.'

"நமக்கு வழி இருக்கு. மணி அடிக்கணும், அவ்வளவுதான்."

"எப்ப அடிக்கும்?"

"வைகுண்ட ஏகாதசிக்கு சொர்க்கவாசல் கூட்டம் பார்த்திருக்கியா?"

"பார்க்காமலா? வருஷா வருஷம் எங்க மச்சான் அங்கதான் தண்ணி பாட்டில் கடை போடறாரு."

"சார்ஜ் ஏத்தறதும் அதுதான். லித்தியத்தை இந்த முனையிலேர்ந்து கிளப்பி அந்த முனைக்குள்ள அனுப்பணும். அந்த முனை கிராஃபைட். பென்சில்ல இருக்குமே, அதே கரி. நிதானமா அனுப்பினா ஒவ்வொண்ணா உள்ள போய் உக்காந்துக்கும். அவசரப்பட்டுத் தள்ளினா வாசல்லயே நெரிசல். உள்ள போக முடியாத லித்தியம் அங்கயே உலோகமா படியும். முள்ளு முள்ளா வளரும். ஒரு முள்ளு எதிர்ப்பக்கத்தைத் தொட்டுச்சுன்னா..."

"பிச்சமுத்து," என்றான் நஸ்ருல்லா. முதல் தடவையாக அவன் குரலில் கேலி இல்லை.

"பேட்டரியைப் பிரிச்சு வாசலை எட்டிப் பார்க்க முடியாது. அதனாலதான் மாடல். கம்ப்யூட்டருக்குள்ள சமன்பாடாவே இன்னொரு பேட்டரி கட்டி வச்சிருக்கா சுபஸ்ரீ. நிஜ பேட்டரிக்குப் போற கரண்ட்டையும் சூட்டையும் அதுக்குச் சொன்னா, உள்ள வாசல்ல நெரிசல் எவ்வளவுன்னு நொடிக்கு நொடி கணக்குப் போட்டுச் சொல்லும். கரி முனையில வோல்ட் பூஜ்யத்துக்குக் கீழ இறங்கினா நெரிசல்னு அர்த்தம். உடனே மணி."

"அப்ப உக்காந்திருந்தா போதும்."

உட்கார்ந்தார்கள். தரை சுட்டது, எழுந்தார்கள். நஸ்ருல்லாவின் சட்டை முதுகோடு ஒட்டி, காய்ந்து, மறுபடி ஒட்டியது. திரையில் பேட்டரியின் சூடு ஐம்பதைத் தாண்டியது. முனகல் தடித்தது. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் தகரம் மணத்தது. நாலு சுவரும் ஓரடி நெருங்கி வந்த மாதிரி இருந்தது.

மணி அடிக்கவில்லை.

"மேடம், ரொம்ப பொறுமைசாலி மாடலா இருக்கும்போல."

"இவ்வளவு கரண்ட்டுக்கு இந்நேரம் அடிச்சிருக்கணும்." இளவேனில் திரைக்குப் பக்கத்தில் போனாள். மாடல் கணக்குப் போட்ட எண்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. மேலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

'ஆனோடு: 3.9.'

"நஸ்ரு. இங்க வா. இது என்ன?"

"மூணு புள்ளி ஒன்பது. நாலு வோல்ட்டுன்னு வச்சுக்கலாம்."

"ஆனோடுன்னு இங்க போட்டிருக்கறது கரி முனை. அது பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கணும்டா. நாலு வோல்ட்டு அதுக்கு ஏழு ஜென்மத்துலயும் வராது. இது எதிர் முனையோட வோல்ட்டு."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"நெரிசல் வடக்கே சொர்க்கவாசல்ல. காவலுக்குப் போட்ட போலீசு தெற்கே ராஜகோபுரத்துல நின்னுக்கிட்டு, 'இங்க கூட்டமே இல்லையே'ன்னு பல்லு குத்தறான்."

நஸ்ருல்லா கதவைப் பார்த்தான். "அப்ப மணி..."

"அடிக்காது. பேட்டரி எரியும், அப்பவும் அடிக்காது."

நஸ்ருல்லா கூண்டின் பூட்டை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தான்.

"மாடல் ஃபைலைத் திறக்கணும்," என்றாள் அவள். "சார்ஜை ஓட்டறதும் நிறுத்தறதும் ஆபீஸ் கையில. ஆனா மாடல் சுபஸ்ரீ கையில. என் விரல் வழுக்குது, நீ அடி. பாஸ்வேர்டு காலையில அவளே சொன்னா, நம்பெருமாள்."

"பாலக்கரை பாய் பெருமாள் பேரை அடிக்கறான். மேல இருக்கறவங்க அவங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கட்டும்." அடித்தான். திறந்தது.

மாற்றிய வரி சிவப்பில் நின்றது. பழைய வரியில் ஆனோடுக்கு நேராக மைனஸ். புதிய வரியில் பிளஸ். வேறு எங்கேயும் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இளவேனிலுக்கு வியர்வை சட்டென்று குளிர்ந்தது.

கல்லூரியில் முதல் வருஷ வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து பரீட்சை எடுக்க வந்த பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார், பேட்டரியில் ஆனோடு எந்த முனை என்று. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆனோடு என்றால் நேர்மின்வாய். நேர் என்றால் பிளஸ். எட்டாம் வகுப்பிலிருந்து நெட்டுருப் போட்டது. பிளஸ் என்று அடித்துச் சொன்னாள். அந்த ஆள் சிரித்தார். பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு பின்னால் போனது. மின்னாற்பகுப்புக்கு அது பிளஸ், கரண்ட் கொடுக்கும் பேட்டரிக்கு மைனஸ் என்பதை அன்றைக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. சிரிக்க மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்தது. அவளே லைப்ரரியில் தேடித் தெரிந்துகொண்டாள்.

"இது கெடுக்கறதுக்குச் செஞ்ச வேலை இல்லடா," என்றாள் மெதுவாக. "கெடுக்கறவன் மணியையே கழட்டியிருப்பான். இது திருத்தம். வாத்தியார் சிவப்பு மையில திருத்துவாருல்ல, அந்த மாதிரி. ஆனோடுக்கு மைனஸா, தப்பாச்சேன்னு பிளஸ் போட்டிருக்காங்க."

"யாரு?"

"கட்டினவளே இப்படிப் போட மாட்டா. ஜெர்மனியில பேட்டரி படிச்சவன் தூக்கத்துலகூடப் போட மாட்டான். ஆனோடுன்னா நேர்மின்வாய்னு மனப்பாடம் பண்ண ஆளு, அதுக்கு மேல யாருகிட்டயும் கேக்காத ஆளு..."

முடிக்கவில்லை. மேசைமேல் டீ கிளாஸ் இருந்தது. பாதி குடித்த டீ. அவள் அதை மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தாள்.

வளையாத பல்லுக்காரன் என்றால் அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

"மேடம், கோவத்தை வெளிய போய்ப் படலாம். சூடு அறுபத்தி மூணு."

"வரியை முதல்ல போட்டோ எடு."

எடுத்தான். அவள் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு பிளஸ்ஸை அழித்தாள். மைனஸ் போட்டாள். சேமித்தாள்.

திரையில் 3.9 ஒரு தரம் சிமிட்டியது. அடுத்த கணம் பூஜ்யத்துக்குக் கீழே விழுந்தது.

மணி அலறியது. முனகல் நின்றது. கதவின் தாழ் 'டக்'கென்று விலகியது.

"சொர்க்கவாசல் திறந்தாச்சு," என்றான் நஸ்ருல்லா. "கோவிந்தா போடணுமா மேடம், இல்ல சும்மா ஓடலாமா?"

ஓடினார்கள்.

வெளியே வெயில் ஜில்லென்று இருந்தது. ஆபீஸ் பக்கமிருந்து மூன்று பேர் மணிச் சத்தம் கேட்டு விரைந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் லூர்துராணி, கையில் கம்ப்ளெய்ன்ட் பேப்பர். பின்னால் ஹரிஹரசுதன். கடைசியாகச் சரவணன், சட்டைப் பையில் மூடி திறந்த பேனா.

"உள்ள எப்படி மாட்டினீங்க?" என்றார் லூர்துராணி.

"தெரியாம டெஸ்ட் ஸ்டார்ட் ஆயிருச்சுங்க மேடம்," என்று சரவணன் முந்திக்கொண்டார். "தங்கச்சி, ஒண்ணும் ஆகலயே?"

"ஒண்ணும் ஆகலண்ணே. கையெழுத்துப் போட்டாச்சா?"

"இப்பதான் போட உக்காந்தேன். மணி அடிச்சிருச்சு."

"போடறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். உங்ககிட்டதான் கேக்கணும், நீங்கதான் நம்ம புக்கு படிச்சவரு. ஆனோடுன்னா என்னண்ணே?"

சரவணன் யோசிக்கவே இல்லை. முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது.

"நேர்மின்வாய். பிளஸ்."

ஹரிஹரசுதன் திரும்பினார். "என்ன சரவணன் சொல்றீங்க? நம்ம செல்லுல ஆனோடு கிராஃபைட். மைனஸ். இதுகூடத் தெரியாம..." என்றவர், பாதியில் லேசாகச் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க சார்," என்றாள் இளவேனில். குரல் உயரவில்லை, ஆனால் லூர்துராணியே ஒரு எட்டு பின்னால் போனார். "இந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒருத்தர் கேக்காம விட்டதாலதான் ஒரு மனுஷனுக்கு ரெண்டு கையும் வெந்துச்சு."

நஸ்ருல்லா போனை லூர்துராணியிடம் நீட்டினான். சிவப்பு வரி. மைனஸ் போய் பிளஸ்.

"சுபஸ்ரீ இதை மாத்தணும்னா அவளுக்கு அவ கட்டின மாடலே மறந்திருக்கணும் மேடம்," என்றாள் இளவேனில். "மூணு பேருல ஆனோடை பிளஸ்னு நம்பறவர் ஒருத்தர்தான். உங்க காது கேக்கவே சொல்லிட்டாரு."

சரவணனின் பார்வை எல்லார் முகத்திலும் ஒரு சுற்று போய்விட்டு, தரைக்கு வந்தது.

"ஆட்டோக்காரங்க தினம் வந்து சண்டைங்க," என்றார். "சார்ஜ் ஏற மாட்டேங்குது, பாதியில மணி அடிச்சு நின்னுருதுன்னு. ஒருநாள் அந்தப் பொண்ணு லீவு. நான் திறந்து பார்த்தேன். ஆனோடுக்கு மைனஸ் போட்டிருந்துச்சு. இவ்வளவு பெரிய காலேஜ்ல படிச்ச பொண்ணு, எங்க ஊரு எட்டாங்கிளாஸ் பையனுக்குத் தெரிஞ்சது தெரியலயேன்னு நெனச்சேன். மாத்தினேன். மணி அடிக்கறது நின்னுச்சு, வண்டிக்கு சட்டுனு சார்ஜ் ஏறுச்சு. முதலாளி மீட்டிங்ல கை தட்டினாரு."

"ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா எனக்குத் தெரியலன்னு ஆயிரும்ல தங்கச்சி."

அந்த வாக்கியம் இளவேனிலுக்குப் பழக்கமானது. நாலு வருஷம் அதை விழுங்கிக்கொண்டுதான் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த மனுஷன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகக் கோபமும் வந்தது.

"ஆட்டோ எரிஞ்ச பிறகு?"

"அவ வேற எங்கயோ தப்பு விட்டிருப்பான்னு நெனச்சேன். நான் திருத்தினது சரிதானேன்னு. ஆனா அவ பாஸ்வேர்டுல போனது வெளிய வந்தா வேலை போயிரும். அதனால வாயைத் திறக்கல."

"எங்களை எதுக்கு உள்ள போட்டீங்க?"

"கையெழுத்து போடற வரைக்கும்தாங்க. ஃபைலைப் பாத்துருவீங்களோன்னு. ஆபீஸ்லேர்ந்து சார்ஜ் போட்டா கதவு தானா சாத்திப் பூட்டிக்கும், அதான் போட்டேன். உங்களுக்கு எதுவும் ஆகக் கூடாதுன்னு நெனச்சேன் தங்கச்சி, சத்தியமா. சூடு ஏறினா மணி அடிச்சுக் கதவு திறந்துரும்ல?"

"அடிக்கல."

"இப்ப அடிச்சுச்சே."

"உங்க பிளஸ்ஸை நான் அழிச்ச பிறகு."

சரவணனுக்கு முதலில் விளங்கவில்லை. வாய் எதையோ கணக்குப் போட்டு முணுமுணுத்தது. பிறகு திறந்து கிடந்த கண்டெய்னரைப் பார்த்தார். உள்ளே கூண்டுக்குள் பேட்டரி இன்னும் சூட்டில் 'டிக் டிக்'கென்று தெறித்துக்கொண்டிருந்தது. அப்படியே சரளைக்கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சிரிச்சவங்க மேல எனக்கும் கோவம் இருக்குண்ணே," என்றாள் இளவேனில். "சாகற வரைக்கும் இருக்கும். அதுக்காக ஒரு பொண்ணை ஸ்டேஷன்ல உக்கார வச்சுட்டு, எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க பாருங்க."

லூர்துராணி கையிலிருந்த கம்ப்ளெய்ன்ட் பேப்பரைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை மேலே வைத்தார். ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "அந்த ஸ்ரீரங்கத்துப் பொண்ணு இருக்கால்ல, அவளுக்கு ஏதாச்சும் சாப்பிடக் குடு. வீட்டுக்குப் போகப் போறா," என்றார். போனை வைத்துவிட்டுக் குனிந்தார்.

"எழுதிக்கவா சரவணன்? யாரு பேருல எழுதட்டும்?"

சரவணன் பையிலிருந்த பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்தார். பதில், பாடம் ஒப்பிக்கும் பையனைப் போல், தடுக்காமல் வந்தது.

"பாஸ்வேர்டு அந்தப் பொண்ணோடதுங்க. விரல் என்னுது."